கட்டப்பாவிடம் நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி

2015 ஜூலை. படம் முடிந்து தியேட்டரை விட்டு வெளியே வருகிறோம். சைக்கிள் எடுக்கிற இடத்தில் எல்லார் வாயிலும் ஒரே கேள்வி. "ஏன் மச்சான் கட்டப்பா பாகுபலியைக் கொன்றவன்?" அடுத்த நாள் ரியூசனிலும் அதுதான் கதை. பேஸ்புக்கைத் திறந்தாலும் அதுதான். படமே பார்க்காத சித்தப்பா ஒருவர் கலியாண வீட்டுப் பந்தியில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது சரி, ஏனாம் கொன்றவன்?" என்று கேட்டார். எங்களுக்கும் தெரியாது. இன்னொரு அப்பளத்தை எடுத்து அவருடைய இலையில் வைத்தோம்.

பதில் வர 21 மாதத்துக்கு மேல் எடுத்தது. 2017 ஏப்ரல் 28 ஆம் திகதி இரண்டாம் பாகம் வந்தது. நாங்கள் ஆறு பேர் போனோம். பதில் கிடைத்தது. வெளியில் வந்து பிளேன்ரீ குடிக்கும்போது எங்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம். "இவ்வளவுதானா? ராஜமாதா சொன்னா, அவன் கொன்றான். பெரிய ரகசியம் ஒண்டு இருக்கும் எண்டெல்லோ நினைச்சம்!" எங்களில் ஒருத்தன் அப்போதே படிப்பை விட்டுவிட்டு ஒரு கடையில் வேலைக்கு நின்றவன். அவன் மட்டும் பேசாமல் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தான். கடைசியில் சொன்னான்: "வேற என்ன செய்யிறது? ஓடர் எண்டா ஓடர்தான்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

2025 ஒக்ரோபர் 31 ஆம் திகதி இரண்டு பாகங்களையும் வெட்டி ஒட்டி 'பாகுபலி: தி எபிக்' என்று ஒரே படமாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றே முக்கால் மணித்தியாலம். அதைப் பார்த்து முடித்தபோது எனக்கு ராஜமௌலியை விட, பிரபாஸை விட, அந்தத் தேத்தண்ணிக் கடை வசனம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பத்து வருசமாக இந்தப் படத்தைப் பற்றிக் கதைத்த நாங்கள் பிழையான கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது படத்தைக் கழுவி ஊற்றுகிற கட்டுரை இல்லை. பாகுபலியை எடுத்த விதத்தைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தாலே மரியாதை வந்துவிடும்.

இந்தக் கதை பாகுபலியிடமிருந்து தொடங்கவில்லை. கதையை எழுதியவர் ராஜமௌலியின் அப்பா விஜயேந்திர பிரசாத். கையில் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிற சிவகாமி என்ற பெண்ணைப் பற்றித்தான் அவர் முதலில் மகனுக்குச் சொல்லியிருக்கிறார். சில வருசங்களுக்குப் பிறகு கட்டப்பாவைப் பற்றிச் சொன்னார். அதாவது கதையின் விதையே ஒரு தாயும் ஒரு அடிமையும்தான். ராஜா பிறகுதான் வந்தார்.

ராஜமௌலி அதற்குள் 'மகதீரா' எடுத்து முடித்திருந்தார். 2012 இல் ஒரு இலையானைக் கதாநாயகனாக்கி 'நான் ஈ' எடுத்தார். கணினியில் செய்த ஒரு பூச்சிக்காக ஜனங்களை அழவைக்கலாம் என்ற தைரியம் அதிலே வந்திருக்க வேண்டும். பாகுபலிக்குப் படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்னமே சுமார் 15,000 காட்சிப் படங்களைக் காகிதத்தில் வரைந்தார்கள். கமரா எங்கே நிற்கும், யானை எந்தப் பக்கத்தால் வரும், தேர் எப்படித் திரும்பும் எல்லாம் முதலே வரைந்தாயிற்று. 2013 ஜூலை 6 இல் கர்னூல் மாவட்டத்து ஓர்வகல் பாறைகளுக்கு நடுவில் படப்பிடிப்பு தொடங்கியது. மகிழ்மதி நகரத்தைக் கலை இயக்குநர் சாபு சிரில் ஹைதராபாத்தின் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் கட்டினார். கேரளாவின் அதிரப்பள்ளியில் எடுத்த நீர்வீழ்ச்சியைக் கணினியில் வானம் வரைக்கும் உயர்த்தினார்கள். செந்தில் குமாரின் கமரா, சிறீனிவாஸ் மோகன் மேற்பார்வையில் காட்சி வித்தைகள், எங்களுக்கு மரகதமணி என்று தெரிந்த கீரவாணியின் இசை. பிரபாஸ் இரண்டு பாகமும் முடியும் வரைக்கும் வேறு எந்தப் படத்திலும் கதாநாயகனாக நடிக்கவில்லை. ஒரு நடிகருக்கு உச்சத்தில் இருக்கிற நாலு வருசம் என்றால் சும்மாவா?

காசுக் கணக்கையும் பார்ப்போம். சினிமா வியாபாரக் கணக்குகள் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் எல்லாமே ஏறத்தாழத்தான். முதல் பாகத்துக்கு இந்திய ரூபாயில் 180 கோடி, இரண்டாம் பாகத்துக்கு 250 கோடி அளவில் செலவு. ஆர்கா மீடியா வேர்க்ஸின் ஷோபு யார்லகட்டாவும் பிரசாத் தேவினேனியும் போட்ட இந்தக் காசைத் தெலுங்குச் சந்தையால் மட்டும் திருப்பித் தர ஏலாது. முதல் பாகம் விழுந்திருந்தால் இரண்டாம் பாகம் அப்படியே தொங்கியிருக்கும். விழவில்லை. முதல் பாகம் உலகம் முழுக்க 600 கோடியைத் தாண்டியது. 63 ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படம் என்ற விருதையும் எடுத்தது. அந்த விருதை வாங்கிய முதல் தெலுங்குப் படம் அதுதான். இரண்டாம் பாகம் 1,700 கோடியையும் தாண்டியது. 1,000 கோடியைத் தொட்ட முதல் இந்தியப் படமும் அதுவே. ஹிந்தியில் 'டப்' செய்த பதிப்பு மட்டும் இந்தியாவுக்குள் 500 கோடிக்கு மேல். அதுவரைக்கும் ஹிந்தியிலேயே எடுத்த எந்த ஹிந்திப் படமும் அங்கே அந்தக் கணக்கைத் தொட்டதில்லை.

இதைப் பார்த்துத்தான் எல்லாரும் 'பான் இந்தியா' என்று கத்தத் தொடங்கினார்கள். அது ஏதோ 2015 இல் கண்டுபிடித்த வித்தை மாதிரி. 1948 இலேயே ஜெமினி வாசன் 'சந்திரலேகா'வைத் தமிழில் எடுத்து, ஹிந்திக்கும் கொண்டுபோய் வடக்கில் ஓட்டிக் காட்டியவர். 1957 இல் 'மாயாபஜார்' தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. பாகுபலியும் அந்தப் பழைய வழியில்தான் போனது. தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார்கள், ஹிந்திக்கும் மலையாளத்துக்கும் குரல் மாற்றினார்கள். தமிழ் வசனத்தை மதன் கார்க்கி எழுதினார். காலகேயர்கள் பேசுவதற்கென்று 'கிளிக்கி' என்ற மொழியையும் அவர்தான் உண்டாக்கினார். சத்யராஜ், நாசர், ரம்யா கிருஷ்ணன் என்று முக்கியமான மூன்று பாத்திரங்களுக்கும் எங்களுக்குப் பழகின முகங்கள். அதனால்தான் எங்களுக்கு அது 'தெலுங்குப் படம்' மாதிரித் தெரியவில்லை.

ஆனால் முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கே, அது எங்கேயிருந்து வந்தது? ரம்மியமான செட்டாலா? சண்டையாலா? அதெல்லாம் முதல் பாகத்திலும் இருந்ததுதானே. அந்த வித்தியாசம் முழுக்கக் கேள்வியின் விலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பங்கு அதுதான் என்பது என் அபிப்பிராயம். மனிசருக்குப் பதில் தெரியாமல் இருக்க ஏலாது. ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, 'இவன் ஏன் அவனைக் கொன்றான்' என்று கேட்டுவிட்டு லைற்றைப் போட்டால், அந்தக் கேள்வி எங்களோடு வீட்டுக்கு வரும். விளம்பரத்தை ரசிகர்களே சும்மா செய்துகொடுத்தார்கள். ஒவ்வொரு மீமும் ஒரு போஸ்டர்.

'தி எபிக்' பதிப்பில் அந்தக் காத்திருப்பு இல்லை. கேள்வியும் பதிலும் ஒரே இருப்பில் வந்துவிடுகின்றன. சஸ்பென்ஸ் செத்துப்போனது. அது செத்த பிறகு மிஞ்சியிருக்கிறவர் யார் என்று பார்த்தால், கட்டப்பா.

முதல் பாகத்தில் ஒரு காட்சி இருக்கு. சுதீப் நடித்த அஸ்லம் கான் என்ற வெளிநாட்டு ஆயுத வியாபாரி கட்டப்பாவின் வாள் வீச்சைப் பார்த்து அதிசயித்துப் போகிறார். இவ்வளவு பெரிய வீரன் அடிமையாக இருப்பதா, விடுதலைக்கு நான் வழி செய்கிறேன் என்கிறார். கட்டப்பா மாட்டேன் என்கிறான். மகிழ்மதியின் சிம்மாசனத்தில் யார் இருந்தாலும் அவருக்குக் கட்டுப்படுவோம் என்று அவனுடைய மூதாதையர் வாக்குக் கொடுத்திருக்கிறார்களாம். அவன் கொடுத்த வாக்கு இல்லை. அவன் பிறக்க முன்னமே யாரோ கொடுத்த வாக்கு.

2015 இல் இந்தக் காட்சிக்குக் கைதட்டினோம். "என்ன விசுவாசம்!" இப்போது பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. பிறப்பால் வருகிற வேலை, பிறப்பால் வருகிற இடம், அதை மீறுவது பாவம் என்ற நம்பிக்கை. இதற்கு எங்கட ஊரில் வேறு பெயர் இருக்கு. கட்டப்பாவின் குடும்பத்தைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கு மனிசி பிள்ளை இருந்ததா? அவனுக்குப் பிறகு அந்த வாக்கைச் சுமக்கப்போவது யார்? படம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தக் கொலைக்கு முதல் நடப்பதையும் திரும்பப் பாருங்கோ. பிங்கலத்தேவனும் பல்லாளதேவனும் சேர்ந்து சிவகாமியை ஏமாற்றுகிறார்கள். சிவகாமி கட்டப்பாவிடம் கொல்லச் சொல்கிறா. அவன் மன்றாடுகிறான். நீ செய்யாவிட்டால் நானே செய்வேன் என்கிறா. தாயின் கையில் மகனின் ரத்தம் படக்கூடாது என்று அவன் போகிறான், தன் கையால் வளர்த்த பிள்ளையின் முதுகில் குத்துகிறான். எங்களுக்கு 'இவ்வளவுதானா' என்று பட்ட பதில் இது. உண்மையில் இதை விடப் பயங்கரமான பதில் வேறு என்ன இருக்க முடியும்? அவனுக்குப் பகை இல்லை. சூழ்ச்சி இல்லை. காசு வாங்கவில்லை. கட்டளை வந்தது, செய்தான். மேலிடத்துக் கட்டளைக்காகச் செய்தவன் குற்றவாளியா இல்லையா என்ற கேள்வி, இந்த நாட்டில் வளர்ந்த எங்களுக்குப் புதுசு இல்லை. அப்படியிருந்தும் நாங்கள் அதை ஒரு மீமாக மட்டும் பார்த்துவிட்டு விட்டோம்.

"ராஜா கதை என்றால் அப்படித்தான் இருக்கும், இதுக்குள்ள அரசியல் தேடாத" என்று ஒரு ஆள் இப்போது சொல்லுவார். எனக்கும் ராஜா கதை விருப்பம்தான். ஆனால் இந்தப் படத்துக்கே கட்டளையைக் கேள்வி கேட்கத் தெரியும். இரண்டாம் பாகத்தில் தேவசேனா என்ன செய்கிறா? ராஜமாதா சபையில் வைத்தே எதிர்த்துக் கதைக்கிறா. பெண்களிடம் சேட்டை விட்டவனின் விரலை வெட்டிவிட்டு, வெட்டினேன் என்று நிமிர்ந்து நிற்கிறா. தியேட்டரே அதிர்ந்தது. அப்படியென்றால் 'இல்லை' என்று சொல்வது அழகு என்று படத்துக்கு விளங்கியிருக்கு. ஆனால் அதைச் சொல்ல தேவசேனா குந்தள தேசத்து இளவரசியாகப் பிறந்திருக்க வேண்டும். கட்டப்பாவுக்கு அந்த வசனம் எழுதப்படவில்லை.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் மற்றதுகளும் தெரியும். அவந்திகா ஒரு போராளி. தேவசேனாவை மீட்பதுதான் அவளுடைய வாழ்க்கையின் நோக்கம். கதாநாயகன் வருகிறான், அவளுக்குத் தெரியாமல் அவள் கையில் ஓவியம் வரைகிறான், பிறகு அவளுடைய போராளி உடுப்பை மாற்றிச் சோடித்து 'அழகு' காட்டுகிறான். கடைசியில் அவளுடைய நோக்கத்தையும் அவனே எடுத்துக்கொண்டு போகிறான். இந்தக் காட்சி பலாத்காரம் மாதிரி இருக்கு என்று அந்த நேரமே இந்தியாவில் எழுதினார்கள். 'தி எபிக்' பதிப்பில் அந்தக் காதல் பகுதியைப் பெருமளவு வெட்டிவிட்டார்கள். நீளத்துக்காக வெட்டினது. எதுக்காக என்றாலும் படம் ஒன்றையும் இழக்கவில்லை. ஆனால் அவந்திகா இன்னும் சின்னதாகிப் போனாள். காலகேயர்களைப் பாருங்கோ. கறுப்பாக, அழுக்காக, விளங்காத மொழி கதைக்கிற ஒரு கூட்டம். எதிரி என்றால் கறுப்பு. அதே கறுப்புத் தோலோடு தியேட்டரில் இருந்து நாங்களும் விசிலடித்தோம்.

தமிழ்ப் பதிப்பில் இன்னுமொன்று நடந்தது. 'பகடை' என்ற சொல் ஒரு வசனத்தில் வந்தது. தமிழ்நாட்டில் அது அருந்ததியர் சமூகத்தை இழிவாகக் குறிக்கப் பாவிக்கிற சொல். எதிர்ப்பு வந்தது. மதன் கார்க்கி வருத்தம் தெரிவித்தார். ஒரு சொல்தானே என்று தட்டிக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. ராஜகுலத்தின் பெருமையைச் சொல்ல ஒரு கதை கிளம்பினால், அது யாரையோ கீழே தள்ளித்தான் மேலே ஏறும். சில நேரம் எழுதுகிறவருக்கே தெரியாமல் அது நடக்கும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு முரண் சத்யராஜ். 2007 இல் 'பெரியார்' படத்தில் பெரியாராகவே நடித்தவர். தலைமுறை தலைமுறையாக அடிமையாக இருக்கிறதுதான் தர்மம் என்று நம்புகிற ஒருவனாக நடித்து, அவரே இந்தியா முழுக்கப் புகழ் எடுத்தார். இரண்டாம் பாகம் வரும்போது, 2008 இல் காவிரிப் பிரச்சினையில் அவர் பேசிய பேச்சுக்காகக் கர்நாடகாவில் படத்தை ஓடவிட மாட்டோம் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பு தன்னால் பாழாகக்கூடாது என்று அவர் வருத்தம் தெரிவித்தார். அதே இடத்தில், தமிழருக்காகத் தொடர்ந்து குரல் கொடுப்பேன், அது பிரச்சினை என்றால் என்னைப் படத்துக்குக் கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னார். வளைய வேண்டிய இடத்தில் வளைந்தார், ஆனால் தன்னுடைய வாயை விற்கவில்லை. கட்டப்பாவுக்குக் கிடைக்காத வசனம் அதுதான்.

கடைசிக் காட்சிக்கு வருவோம். மகேந்திர பாகுபலி ராஜாவாகிறான். கெட்டவன் எரிந்து சாம்பல். ஜனங்கள் ஆரவாரம். நல்ல ராஜா வந்துவிட்டார், ஆகவே எல்லாம் சரி. கட்டப்பா? இளைய பாகுபலியின் முகத்தைக் கண்டவுடனே முழங்காலில் சறுக்கி வந்து, அவனுடைய காலைத் தன் தலையில் வைத்துக்கொண்டவன். அந்த வாக்கிலிருந்து அவனை யாரும் விடுவித்ததாகப் படம் காட்டவில்லை. சிம்மாசனத்தில் ஆள் மாறியது, அதற்குக் கீழே நிற்கிறவன் மாறவில்லை. நாளைக்கு இந்த நல்ல ராஜாவை யாரும் ஏமாற்றிப் பிழையான கட்டளை ஒன்றைக் கொடுக்க வைத்தால், கட்டப்பா திரும்பவும் வாளை எடுப்பானா இல்லையா? எடுப்பான். அதுதான் எனக்குப் பயம்.

ஆகவே 'கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான்' என்பதை விட, 'கட்டப்பாவால் ஏன் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை' என்று கேட்டிருக்க வேண்டும். முதல் கேள்வி 1,700 கோடி சம்பாதித்துக் கொடுத்தது. இரண்டாவது கேள்விக்கு ரிக்கெற் விற்காது. அதனால் அதை நாங்கள்தான் கேட்க வேண்டும். பாகுபலிக்குப் பிறகு ரெண்டு பாகம், மூன்று பாகம் என்று ராஜாக்களும் தாதாக்களும் வரிசையாக வருகிறார்கள். எல்லாரும் பாகுபலியின் பிரமாண்டத்தைத்தான் கொப்பி அடிக்கிறார்கள். அந்த 15,000 படங்களை வரைந்த பொறுமையை ஒருத்தரும் கொப்பி அடிக்கிற மாதிரித் தெரியவில்லை. ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளைத் திரும்பிப் பார்க்கிற எண்ணமும் பெரிதாகக் காணவில்லை.

அந்தக் கடை நண்பனுக்குப் போன கிழமை கோல் எடுத்தேன். இப்போதும் அவன் வேலைதான், வேறு கடை. "டேய், ஓடர் எண்டா ஓடர்தான் எண்டு சொன்னியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தான்.

"அதாலதானடா அந்தக் கடையை விட்டனான். செய்யக்கூடாத ஒண்டைச் செய்யச் சொன்னாங்கள். ரெண்டு மாசம் வேலை இல்லாமல் திரிஞ்சது உங்களுக்குத் தெரியாது."

எங்களுக்குத் தெரியாதுதான். நாங்கள் கேட்கவில்லை. அவன் அன்றைக்கு அந்தத் தேத்தண்ணிக் கடையில் சொன்னதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். நீங்கள் பாகுபலியைத் திரும்பப் பார்க்கிறதென்றால், கடைசிப் பட்டாபிசேகத்தில் ஒருக்கா ராஜாவை விட்டுவிட்டுக் கட்டப்பாவின் முகத்தைப் பாருங்கோ. பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ, கதைப்பம்.